நாற்பத்தைந்தில் ஓட வேண்டிய தட்டு

எங்கள் சவுண்ட் சர்வீஸ் சங்கத்து மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கள்ளக்குறிச்சியிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். குழாய் ஒலிபெருக்கி கட்டக்கூடாது என்று ஆகிவிட்ட பிறகு குழாயைப் பற்றி எழுதச் சொல்கிறார்கள். கட்டிக்கொண்டிருந்த காலத்தில் சத்தத்தைக் குறை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான் எட்டாவதோடு நின்றவன். தப்பு இருந்தால் அச்சாபீசில் திருத்திக்கொள்ளட்டும். திருத்தணி முருகனை நெஞ்சில் வைத்து, நடந்ததை எழுதுகிறேன்.

நான் தொழில் பழகிய கதை பெரிதில்லை. வயர் சுருட்டினேன், பனைமரம் ஏறினேன், ஷாக் அடித்து விழுந்தேன், மறுபடியும் ஏறினேன். அதற்குள் கல்யாண வயசு வந்துவிட்டது. சொல்ல வேண்டியது எங்கள் முதலாளி கோவிந்தசாமியைப் பற்றித்தான்.

முதலாளி வேலையாட்களிடம் நேராகப் பேசமாட்டார். ஆம்ப்ளிஃபயரிடம்தான் பேசுவார். நான் பீடி குடித்துவிட்டுக் கைகழுவாமல் வந்து உட்கார்ந்தால் என் பக்கம் திரும்பவே மாட்டார். ஆம்ப்ளிஃபயரின் தலையைத் துடைத்துக்கொண்டே, "இன்னாப்பா, உன் மேல யாரோ சுடுகாட்டுப் பொகையோட கைய வெச்சிட்டாங்க போலக்கீதே" என்பார். நல்ல வேலை செய்தாலும் அப்படித்தான். "இன்னிக்கு நீ நல்லா பாடின" என்று அதன் முதுகில் தட்டுவார். பாராட்டு எனக்குத்தான் என்பது எனக்கும் தெரியும், ஆம்ப்ளிஃபயருக்கும் தெரியும்.

அவர் சட்டங்கள் கொஞ்சம்தான். முதலில் ஓடுகிற இசைத்தட்டு பிள்ளையார் பாட்டு. மைக்செட்டுப் பக்கம் செருப்புக் கூடாது. சாமி தெருவில் இருக்கும்போது ஓடுகிற தட்டிலிருந்து முள்ளைத் தூக்கக்கூடாது. பாட்டு தானாக முடிய வேண்டும். பாதியில் நிறுத்தினால் சாமியை வாசலில் நிற்கவைத்துக் கதவைச் சாத்தின மாதிரி என்பார். அடுத்தது வேகம். சின்னத் தட்டுக்கு நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று, பெரிய தட்டுக்கு முப்பத்துமூன்று. இதற்கு மேல் யோசிக்க வேண்டாம், தட்டைக் கையில் எடுத்தாலே வேகம் தெரிந்துவிடும் என்பது அவர் தீர்ப்பு. ஆயுத பூஜைக்கு எல்லாத் தட்டுகளையும் அடுக்கிவைத்து நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் சந்தனமும் குங்குமமும் வைப்போம். சரஸ்வதி அதில்தானே உட்கார்ந்திருக்கிறாள்.

பாண்டிச்சேரியில் மூடிப்போன ஒரு ஓட்டலின் நடனக்கூடத்திலிருந்து முதலாளி ஒரு செட்டு வாங்கி வந்தார். அந்தப் பெட்டிக்குள் அமெரிக்கத் தட்டுகள் சில இருந்தன. மற்றவை வளைந்துவிட்டன. ஒன்று மட்டும் நன்றாக இருந்தது. பெரிய தட்டு, ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு. பாட்டு என்றும் சொல்ல முடியாது. அடியில் தடித்த கம்பி ஒன்று தும் தும் என்று நடந்துகொண்டே இருக்கும். மேலே சலங்கை மாதிரி ஏதோ தட்டுவார்கள். நடுநடுவே ஓர் ஆண்பிள்ளை அடிவயிற்றிலிருந்து உறுமுவார். கனத்த சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்க அதைவிட நல்ல தட்டு கிடையாது. அதனால் அதற்கு டெஸ்டிங் தட்டு என்று பெயர் வைத்தோம். எந்த ஊரில் குழாய் கட்டினாலும், பிள்ளையாருக்கு அடுத்து அதுதான். கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு ஊர் இருக்கிறது. அந்த ஊர் மாரியம்மனுக்கு வருஷா வருஷம் நாங்கள்தான் செட்டு. அங்கே அந்த உறுமல் கேட்டால்தான் பெண்கள் கூழுக்கு உலை வைப்பார்கள். பூசாரி முனியனுக்கு அந்தக் கொட்டு காதில் விழுந்தால் முதுகு சிலிர்க்கும்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் இளைஞர்களுக்குத் தெரியாது. மறியலுக்கு வெட்டின புளியமரங்கள் ரோட்டின் குறுக்கே படுத்திருக்கும். கச்சிராயபாளையம் டவுன் பஸ் எங்கே நிற்கும் என்று டிரைவருக்கே தெரியாது. நான் சொன்ன ஊரில் மேலத்தெருக்காரர்கள் மறியலுக்குப் போனவர்கள். கீழத்தெருக்காரர்கள் கரும்பு வெட்டப் போக முடியாமல் மறியலால் வீட்டில் கிடந்தவர்கள். கூலி போகிறது என்று ஸ்டேஷனில் பெட்டிஷனும் கொடுத்தவர்கள். மேலத்தெருக்காரர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. கீழத்தெருக்காரர்கள் பசித்துக் கிடந்ததும் பொய்யில்லை. எனக்கு இரண்டு பக்கமும் வாடிக்கை. அந்த நேரத்தில்தான் திருவிழா வந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் இரண்டு தெருவையும் ஸ்டேஷனுக்கு வரச்சொன்னார். மேலத்தெருவுக்கு நாட்டாண்மை வந்தார். கீழத்தெருவிலிருந்து ஆண்கள் வரத் தயங்கி அஞ்சலை வந்தது. கரும்பு வெட்டுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் பெண், வாய் கொஞ்சம் நீளம். செட்டுக்காக நானும் போனேன். சப்-இன்ஸ்பெக்டர் என்னைத்தான் முதலில் பிடித்தார். பாட்டால் ஒரு சண்டை வந்தாலும் செட்டு ஸ்டேஷனுக்கு வரும், கோயிலுக்குப் பூட்டு விழும், அடுத்த வருஷம் அனுமதி கேட்டு யாரும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். அம்மன் பூட்டுக்குள் இருப்பதும் இருக்காததும் இனி என் கையில்.

பிறகு எந்தப் பாட்டு போடலாம் என்று பேச்சை எடுத்தார்கள். இந்த நடிகர் பாட்டு அந்தக் கட்சிக்காரருடையது என்று நாட்டாண்மை தள்ளினார். அந்த நடிகர் பாட்டைப் போட்டுத்தான் மரம் வெட்டினார்கள் என்று அஞ்சலை தள்ளியது. காதல் பாட்டு போட்டால் எந்தத் தெருப் பையன் எந்தத் தெருப் பெண்ணைப் பார்த்தான் என்று வரும். அம்மன் பாட்டிலும் எந்த ஊர் அம்மன் என்று கேட்டார்கள். பிள்ளையார் ஒருவர்தான் தப்பினார். அவரை மட்டும் வைத்து மூன்று நாள் ஓட்ட முடியுமா?

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "யாருக்கும் சொந்தமில்லாத பாட்டு ஒண்ணு கூடவா உன்கிட்ட இல்ல?"

"டெஸ்டிங் தட்டு கீதுங்க. அதுல பேச்சு கெடையாது. கொட்டுதான். ஒருத்தரு உறுமுவாரு."

அஞ்சலை கேட்டது: "உறுமுறவரு எந்தத் தெருவு?"

"அமெரிக்காம்மா."

நாட்டாண்மை கொஞ்சம் யோசித்தார். அமெரிக்காவில் அவருக்கு விரோதி இல்லை. சரி என்றார். கரகம் வழக்கம்போல முச்சந்தி வரைக்கும் வரும், கீழத்தெருப் பெண்கள் அங்கே நின்று மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளக்குக் காட்டுவார்கள், கரகம் திரும்பிவிடும், எல்லைக்கு அந்தப் பக்கம் போகாது. இதையும் பேசி ஒப்புக்கொண்டு எழுந்தார்கள்.

முச்சந்தியில் சைக்கிள் கடை முன்னால் செட்டை வைத்தேன். வேப்பமரத்தில் குழாய்களைக் கட்டி ஒன்றை மேலத்தெருவுக்கும் ஒன்றைக் கீழத்தெருவுக்கும் திருப்பினேன். இரண்டும் ஒரே உயரம். சப்-இன்ஸ்பெக்டரே நின்று பார்த்துவிட்டுப் போனார்.

முதல் நாள் சாயங்காலம் ஓர் அமெரிக்கக்காரர் வந்து செட்டு முன்னால் நின்றார். டேனியல் என்று பெயர். மலைமேல் சாமை, தினை விதைகளைப் பார்க்க வந்தவர். இறங்கி வந்தால் ரோட்டில் மரம் கிடக்கிறது. சைக்கிள் கடைக்குப் பக்கத்து வீட்டில் தங்கியிருந்தார். தமிழ் பேசுவார். ஆனால் புத்தகத்தில் படித்த தமிழ். டீ வேண்டும் என்றால்கூட மேடையில் பேசுகிற மாதிரி கேட்பார்.

"ஐயா, இந்தப் பாடலை எங்கே பெற்றீர்கள்?" என்றார். பாண்டிச்சேரி என்றேன். தலையைச் சாய்த்துக் கேட்டார். முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகு சிரிக்க ஆரம்பித்து, நிற்க முடியாமல் சைக்கிள் கடைக்காரர் டியூப் ஒட்டுகிற ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சாமி காரியத்தில் சிரிக்கிறாரே என்று எனக்குக் கோபம். கேட்டபோது, இது தவறான வேகம் என்றார். பெரிய தட்டு முப்பத்துமூன்று என்று நான் அடித்துச் சொன்னேன். நடனக்கூடங்களுக்காகப் பெரிய தட்டிலும் நாற்பத்தைந்து வேகத்தில் பதிவு செய்தார்கள், சத்தம் கனமாக வரும் என்பதற்காக, என்றார். தட்டில் எழுதியிருக்கும், பார்க்கலாமா என்று கேட்டார்.

எழுதியிருந்த இடத்தில்தான் எங்கள் சந்தனம். வருஷத்துக்கு ஒரு பொட்டாக ஏறி வரட்டி மாதிரி காய்ந்திருந்தது. அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஈரத்துணியால் துடைத்தேன். நாற்பத்தைந்து என்று இருந்தது.

குழாய் வயரைக் கழற்றிவிட்டு, எங்களுக்கு மட்டும் கேட்கும்படி அந்த வேகத்தில் போட்டோம். தும் தும் என்று நடந்த கம்பி குதித்து ஓடியது. உறுமுகிறவர் வந்தார். வந்தது பெண் குரல். இத்தனை காலம் ஆணாக இருந்தவர் என் கண் முன்னால் பெண்ணாகிவிட்டார். வேகம் மாற்றுகிற லீவரைப் பிடித்தபடியே நின்றேன்.

அப்போதுதான் டேனியல் தன் ஊர்க் கதையைச் சொன்னார். இந்தக் கொட்டைக் கண்டுபிடித்தவர்கள் அங்கேயுள்ள கறுப்பு ஜனங்கள். முதலில் வியர்வை சிந்தி வாசித்த சங்கீதமாக இருந்தது. பிறகு ஆடுவதற்கென்றே பளபளப்பாகச் செய்து கடை கடையாக விற்றார்கள். வெள்ளைக்காரப் பையன்கள் இது மெஷின் சங்கீதம், உயிரில்லை, ஆண்பிள்ளை கேட்கிற பாட்டில்லை என்று கேலி செய்தார்கள். கேலி முற்றி, ஒரு விளையாட்டு மைதானத்தில் தட்டுகளைக் குவித்து வெடி வைத்தார்கள். ரேடியோக்காரர்களும் அதற்கப்புறம் போடுவதைக் குறைத்துக்கொண்டார்கள். அதை ஆசையாகக் கேட்டவர்களே தாங்கள் கேட்டதே இல்லை என்று சாதித்தார்கள்.

"நானும் அங்கே சென்றேன். என் அக்காவின் தட்டு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்" என்றார்.

"அக்கா இன்னா சொன்னாங்க?"

"ஒன்றும் சொல்லவில்லை. தன் அறைக்குப் பூட்டு வாங்கினாள்."

நான் கேட்டேன்: "பாட்டு புடிக்கலியாங்க, பாடினவங்கள புடிக்கலியா?"

"அப்போது பாட்டு என்று நினைத்தேன்" என்றார்.

யாருக்கும் சொந்தமில்லாத பாட்டு என்று ஸ்டேஷனில் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அங்கே வெடி வைக்கிற அளவுக்குச் சண்டை போட்ட பாட்டு இது. அங்கேயும் பாட்டுக்குத் தெரு இருக்கிறது. வெளியே சொல்லாதீர்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். சரியான வேகத்தில் போடப் போகிறீர்களா என்று கேட்டார். மாட்டேன் என்றேன். இரண்டு தெருவும் ஒப்புக்கொண்டது உறுமுகிற ஆணை. பெண் என்று தெரிந்தால் பேச்சுவார்த்தையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். முப்பத்துமூன்றிலேயே ஓட்டினேன். மறுநாளும் ஒரு வம்பும் இல்லை. டேனியல் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்டார். வேகத்தில் கேட்டபோது அந்தக் கம்பி வாசித்தவர் என்ன செய்தார் என்றே தனக்குத் தெரியவில்லை, இப்போதுதான் ஒவ்வொரு விரலும் தெரிகிறது என்றார்.

மூன்றாம் நாள் கரகம். முனியன் பூசாரி தலையில் கரகம், இரண்டு பக்கமும் பம்பைக்காரர்கள். டெஸ்டிங் தட்டின் கனத்த நடைக்குக் கால் வைத்து, யானை மாதிரி அசைந்து முச்சந்திக்கு வந்தார். கீழத்தெரு எல்லையில் அஞ்சலை இடுப்பில் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடும் கையில் விளக்குத் தட்டோடும் நின்றது. அதற்குப் பின்னால் தெருவே நின்றது. நான் முள்ளை வைத்து அப்போதுதான் கால்வாசி பாடியிருக்கும்.

நாட்டாண்மை குறுக்கே வந்தார். "வெளக்கெல்லாம் வேணாம். அப்பிடியே திருப்பு, முனியா."

"ஸ்டேஷன்ல ஒத்துக்கினு வந்தீங்களே" என்றது அஞ்சலை.

"எங்க மேல பெட்டிஷன் குடுத்தவங்க கையால அம்மனுக்குத் தண்ணி வேணாம்."

"பெட்டிஷன் குடுத்தது வயிறு. கை இன்னா பண்ணுச்சு? காலையிலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படாம கொடத்தத் தூக்கிகினு நிக்கிறேன். நீங்க கேட்டா அது உரிமை. நாங்க கேட்டா பெட்டிஷனா?"

மேலத்தெருப் பையன்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். கீழத்தெருவில் யாரோ பந்தல் கழி ஒன்றை உருவுகிற சத்தம் கேட்டது. முனியன் திரும்பவும் இல்லை, முன்னேறவும் இல்லை. நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கு அந்தப் பக்கம் சப்-இன்ஸ்பெக்டர் மாட்டிக்கொண்டார். அங்கிருந்து என்னைப் பார்த்து விரலைச் சுழற்றினார். முடி, சீக்கிரம் முடி.

முடிக்க வேண்டும். சாமி தெருவில் நிற்கிறது, முள்ளைத் தூக்கக்கூடாது. தட்டில் முக்கால்வாசி பாக்கி. முள்ளைத் தூக்காமல் ஒரு தட்டைச் சீக்கிரம் முடிக்க எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. முருகா என்று லீவரை நாற்பத்தைந்துக்குத் தள்ளினேன்.

கம்பி ஒரு துள்ளு துள்ளியது. சலங்கை பறந்தது. உறுமிக்கொண்டிருந்த ஆண் குரல் உயர்ந்து உயர்ந்து இரண்டு குழாயிலும் பெண்ணாகக் கத்தியது. முச்சந்தி அப்படியே நின்றது. பம்பைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு புது வேகத்தைப் பிடித்தார்கள். "ஆத்தா பேசுறா" என்று ஒரு கிழவர் கையைத் தலைக்கு மேலே கூப்பினார். முனியனுக்குக் கால் நிற்கவில்லை. நாட்டாண்மையைச் சுற்றிக்கொண்டு, அஞ்சலையைத் தாண்டி, எல்லையைத் தாண்டி, நேராகக் கீழத்தெருவுக்குள் ஓடினார்.

அம்மன் அந்தத் தெருவுக்குள் போனதே கிடையாது. வாசல் தெளித்து வைக்கவில்லை. கோலம் இல்லை. யாரும் எதிர்பார்க்கவில்லையே. பெண்கள் கையில் கிடைத்த குடத்தை எடுத்து ஊற்றினார்கள். ஒருத்தி அரிசி களைந்த தண்ணீரை ஊற்றினாள். தண்ணீரோடு காலையிலிருந்து நின்ற அஞ்சலை மட்டும் அம்மனுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. தெருக்கோடியில் முனியன் ஒரு நிமிஷம் நின்றபோதுதான் எட்டிப்பிடித்துக் குடத்தைக் கவிழ்த்தது. கரகம் வாய்க்கால் கரை வழியாகச் சுற்றிக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது. மேலத்தெருவிலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அம்மனை யார் தடுப்பது? வேட்டி இறங்கியது. கழி பந்தலுக்குத் திரும்பியது. தட்டும் தானாகவே முடிந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "யாருய்யா அந்தப் பொம்பள?"

"அமெரிக்காங்க."

"ஆம்பளன்னு சொன்ன?"

"அவரும் அமெரிக்காதாங்க."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கோயிலுக்குப் பூட்டும் போடவில்லை.

டேனியல் மரங்களை அகற்றியதும் கிளம்பினார். கிளம்பும்போது தட்டைக் கையில் வாங்கி, அதன் பெயரைத் தன் காகிதத்தில் எழுதிக்கொண்டார். அக்காவுக்குத் தேடி வாங்க வேண்டும் என்றார். விலைக்குக் கேட்பார் என்று பயந்தேன். கேட்கவில்லை.

முனியனிடம் பிறகு தனியாகக் கேட்டேன், வேணும்னே போனியா என்று. அவர் வெற்றிலையை மென்றுகொண்டு, "வேகத்த நீ கூட்டினியா, அவ கூட்டினாளா? அத மொதல்ல சொல்லு" என்றார். இன்றைக்கும் விளக்கேற்றும்போது அவளைத்தான் கேட்கிறேன்.

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆம்ப்ளிஃபயர் பக்கம் திரும்பினார். "முள்ளத் தூக்கினாங்களா?" என்று அதைக் கேட்டார். அது பதில் சொல்லவில்லை. "அப்ப சரி" என்றார். அடுத்த ஆயுத பூஜைக்கு அந்தத் தட்டுக்கு மட்டும் பொட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். பெரிய தட்டு முப்பத்துமூன்று என்கிற சட்டத்தை மட்டும் கடைசிவரை மாற்றவில்லை.

நாட்டாண்மைக்கு அம்மன் மேல் கோபப்பட முடியவில்லை. அதனால் மைக்செட் மேல் கோபப்பட்டார். மறு வருஷம் எங்களுக்கு வேலை இல்லை, திருக்கோவிலூரிலிருந்து வேறு செட்டு. முதல் நாளே அந்தச் செட்டுக்காரர் சைக்கிளில் எங்கள் கடைக்கு வந்துவிட்டார். அந்தத் தட்டு இல்லாமல் முனியனுக்குச் சாமி வரவில்லையாம், நாட்டாண்மையே இரவல் வாங்கி வரச் சொன்னாராம். முதலாளி கொடுத்தார். எந்த இடத்தில் லீவரைத் தள்ள வேண்டும் என்று நானே சொல்லி அனுப்பினேன். அந்த வருஷம் கீழத்தெருவில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு வைத்திருந்தார்களாம். அதற்குப் பிறகு எல்லா வருஷமும் கரகம் அந்த வழியாகத்தான் வருகிறது. மேலத்தெருவில் இப்போது இருக்கிற பையன்கள், ஆதியிலிருந்தே இந்த வழிதான் என்று என்னிடமே சொல்கிறார்கள்.

இப்போது என் மருமகன் டி.ஜே. பெட்டி வைத்திருக்கிறார். தட்டு தேய்ந்துவிட்டதால், முச்சந்தி வரைக்கும் மெதுவாக, அதற்கப்புறம் வேகமாக என்று ஒரே பாட்டாகக் கம்ப்யூட்டரில் சேர்த்துவிட்டார். அதை நெட்டிலும் போட்டிருக்கிறார். கீழே அமெரிக்கக்காரர்கள் எழுதுவதை என் மகள் படித்துச் சொல்கிறாள். இதுதான் உயிருள்ள சங்கீதம், இப்போது வருவதெல்லாம் மெஷின் என்று ஒருவர் எழுதுகிறார். அன்றைக்கு இதைத்தானே மெஷின் என்றார்கள். இன்னொருவர் இந்தப் பாட்டை வெறுத்தவர்கள் யாரையும் தான் பார்த்ததே இல்லை என்கிறார். மைதானத்துக்குப் போனவர்கள் எல்லோரும் எங்கே போனார்களோ. இப்போது இந்த மாதிரிப் பாட்டுகளை வேண்டுமென்றே மெதுவாக்கிக் கேட்பது அங்கே புது நாகரிகமாம். மெதுவாகக் கேட்டு அழுதேன் என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். சந்தனப் பொட்டு இல்லாமலே கண்டுபிடித்துவிட்டார்கள், பரவாயில்லை.

போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார்: இதுவரை எத்தனையோ விதமாக இந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறேன், நடுவில் வேகம் மாறி அந்தப் பெண் வருகிற இடம் எங்கேயும் கேட்டதில்லை, இது எங்கே செய்தது?

"இன்னாப்பா எழுத?" என்றாள் மகள். கள்ளக்குறிச்சி என்று எழுதவா, இந்தியா என்று எழுதவா என்று அவளுக்குச் சந்தேகம்.

கீழத்தெரு என்று எழுதச் சொன்னேன்.